அடுத்த வீட்டுக் கிண்ணம்

“என் வீட்டுக்காரி மூணு மாசமா விழுங்குறா. அது இலையா, மாவா? அதை மட்டும் சொல்லிருங்க, டாக்டரம்மா” என்றார் கோலப்பன் வைத்தியர்.

டாக்டர் ஜெசிந்தா ஈர வல்லாரையைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எனக்குத் தெரியாது.”

“நீங்க குடுத்த டப்பா.”

“நான்தான் குடுத்தேன். எனக்குத் தெரியாது.”

வைத்தியருக்கு அறுபத்து நான்கு வயது. டாக்டருக்கு நாற்பத்தொன்று. தன் மகள் வயதுப் பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்பதில் அவருக்கு இப்போது கூச்சமில்லை. முன்பு இருந்தது.

“வைத்தியம் பாக்குறவங்களுக்கே என்ன குடுக்கோம்னு தெரியலைன்னா, அது என்ன வைத்தியம்?”

“இன்னும் வைத்தியம் இல்லை” என்றார் டாக்டர். “அது வைத்தியமான்னு பாக்குறோம்.”

ஒரு இலையைத் திருப்பிப் போட்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

*

முதன்முதலில் வைத்தியர் அங்கே வந்தது சண்டை போடத்தான்.

மலையடிவாரத்தில் ஒரு மூலிகை ஆய்வு நிலையம். வல்லாரையைப் பிழிந்து, அதில் மூளைக்கு உதவக்கூடும் என்று தோன்றும் பொருள்களை மட்டும் பிரித்தெடுத்து, மாத்திரையாக்கி, வயதாகி மறதி கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார். பஸ் ஏறினார்.

“நாலு தலைமுறையா எங்க வீட்டுல தெரிஞ்ச விஷயம். நீங்க புதுசா என்ன கண்டுபிடிக்கப் போறீங்க?”

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க அப்பா வல்லாரை குடுத்து எத்தனை பேருக்கு ஞாபகம் திரும்பிச்சு?”

“வந்து சொன்னவங்க எல்லாருக்கும் திரும்பிச்சு.”

“வந்து சொல்லாதவங்க?”

வைத்தியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேறு சமயமாக இருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால் அவர் வீட்டிலேயே வந்து சொல்லாத ஒருத்தி இருந்தாள்.

மனைவி நாச்சியாருக்கு இரண்டு வருடமாக மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போய்விடுவாள். நாத்தனாரை வாசலில் நிறுத்தி, யாரைப் பார்க்கணும் என்று கேட்டாள். வைத்தியர் தன் கைப்பட இலை அரைத்து ஒரு வருடம் கொடுத்தார். ஒருநாள் தெளிந்தாள். மறுநாள் மங்கினாள். இலை பலிக்கவில்லையா, அல்லது இலை பலிப்பதால்தான் இந்த மட்டிலாவது நிற்கிறாளா? நான்கு தலைமுறை அறிவையும் கூட்டி வைத்துப் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை தோளில் ஒரு சாக்கு வல்லாரையோடு வந்து நின்றார்.

“கிணத்தடிப் பாத்தியில வளர்ந்தது. உங்க இலையைவிட நல்ல இலை.”

அன்றிலிருந்து புதன்கிழமை தவறுவதில்லை. இலை அலசுவார். வேர் கிள்ளுவார். கேட்பார். திட்டு வாங்குவார். இதற்கு என்ன பெயர் என்று அவர் யோசிக்கவில்லை.

*

அந்தச் சோதனையில் நாச்சியாரைச் சேர்க்க அவரே கூட்டிவந்தார்.

மொத்தம் அறுபது பேர். முப்பது பேருக்கு இலை மாத்திரை. முப்பது பேருக்கு அதே பச்சை நிறத்தில், அதே கசப்பில், வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்ற பட்டியல் ஒரு உறையில், ஒட்டி, வேறு ஊரில் இருந்தது. எட்டு மாதம் கழித்துத் திறப்பார்கள். முழுசாக முடித்தவர்களுக்கு, எந்தப் பக்கம் இருந்தாலும், அதன் பிறகு ஒரு வருடம் இலை மாத்திரை உண்டு. நடுவில் விதி மீறினால் பேரேட்டில் அவர்கள் நம்பரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஒன்றும் கிடையாது.

விதி ஒன்றுதான். எட்டு மாதமும் வீட்டில் வல்லாரை வாயில் படக்கூடாது. கீரையாக, துவையலாக, எப்படியும்.

“கேட்டுச்சா அம்மா?” என்றார் டாக்டர்.

“கேட்டுட்டு மக்ளே.” நாச்சியார் டாக்டரின் உள்ளங்கையில் பளீரென்று அடித்தாள். “சத்தியம்.”

டாக்டர் அதே கையை வைத்தியர் பக்கம் நீட்டினார்.

“எனக்குமா?” என்று சிரித்தார் அவர். “வைத்தியனுக்குப் பத்தியம் சொல்லித் தரணுமா?”

டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். பதினேழு என்று ஒட்டிய டப்பாவையும் ஒரு கோடுபோட்ட நோட்டையும் அவரிடம் கொடுத்தார். அவள் மறந்தது, நினைத்தது, நன்றாகச் செய்தது எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும்.

“எதை எழுத, எதை விட?”

“கண்ணால பாத்ததை எழுதுங்க.”

*

மாதம் ஒரு தடவை நாச்சியாருக்குப் பரீட்சை. டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லுவார். வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கேட்பார்.

முதல் மாதம் இரண்டு. இரண்டாம் மாதம் இரண்டு. மூன்றாம் மாதம் ஒன்று.

“அஞ்சு வார்த்தைக்காக ரெண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கு” என்றாள் நாச்சியார். “நாலை இங்கேயே எங்கயோ போட்டுட்டேன்.”

டாக்டர் சிரித்தார். வைத்தியருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றுதான் அவர், இலையா மாவா என்று கேட்டது. தெரியாது என்ற பதிலைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் வல்லாரை கால் வைக்க இடமில்லாமல் செழித்துக் கிடந்தது. இவ்வளவு இலையைப் பின்வாசலில் வைத்துக்கொண்டு, இவள் மாவை விழுங்கிக்கொண்டிருந்தால்?

செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டில் இலை பறிக்கிற நாள். வெள்ளிக்கிழமை காலை பறித்தார். தேங்காய், உளுந்து, புளி, ஒரு பிடி கொத்தமல்லி. கொத்தமல்லி மேலே தெரிகிற மாதிரி தானே அம்மியில் அரைத்தார்.

“என்னது, ஆம்பிளை அம்மிக்கு வந்தாச்சு?” என்றாள் நாச்சியார்.

“கொத்தமல்லித் துவையல். உனக்குத்தான். சோத்துல பிசைஞ்சு தின்னு.”

நாச்சியார் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

முன்னறையில் நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் போனார். மதியம் திரும்பி வந்தபோது துவையல் கிண்ணம் வழித்துக் கழுவி வைக்கப்பட்டிருந்தது.

அதன்பிறகு வாரம் இரண்டு நாளும் துவையல்.

*

மாற்றம் தெரிந்தது. வைத்தியர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

சமையல்தான் முதலில் திரும்பியது. ஒரு செவ்வாய்க்கிழமை தீயல் வைத்திருந்தாள். வெங்காயம் கருகாமல், தேங்காய் பதமாக வறுபட்டு, கல்யாணமான புதிதில் வைத்த மாதிரி. வெள்ளிக்கிழமை அவியல். உப்பு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறதியும் இருந்தது. அடுத்த வீட்டுப் புஷ்பத்தின் கிண்ணம் இவர்கள் அடுக்களையில் கிடந்தது. அடியில் ‘தே. புஷ்பம்’ என்று பொறித்த எவர்சில்வர் கிண்ணம். என்னவோ இரவல் வாங்கப் போய், திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறாள். வைத்தியருக்குச் சங்கடமாக இருந்தது. சத்தம் போடாமல் கழுவி மதில்மேல் கவிழ்த்து வைத்தார். புஷ்பம் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டாள். மூன்று நாளில் மறுபடி அந்தக் கிண்ணம். நாற்பது வருடம் கூட வாழ்ந்த ஒருத்தியிடம், இதைக்கூட மறக்கிறாயே என்று எப்படிக் கேட்பது? அவர் கேட்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதினார்.

நான்காம் மாதம் இரண்டு வார்த்தை. ஐந்தாம் மாதம் மூன்று.

ஆறாம் மாதம் நான்கு.

நாச்சியார் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னாள். கட்டை விரல் மட்டும் மடங்காமல் நின்றது. வைத்தியர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

*

அடுத்த புதன்கிழமை அவர் தனியாக வந்தார். சாக்கை இறக்கியபோதே முகம் மலர்ந்திருந்தது.

“நாலு” என்றார்.

“நானும் கேட்டேனே.”

“இனிமே எனக்குப் பயமில்லை டாக்டரம்மா. டப்பாவுல மாவுதான் இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும்.”

டாக்டர் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“மாவா இருந்தா எப்படி இருந்துட்டுப் போகட்டும்?”

வைத்தியர் சாக்கின் கட்டை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

டாக்டர் எழுந்துபோய், பச்சை இலை நிறுக்கிற பழைய தட்டுத் தராசை எடுத்து வந்தார். ஒரு தட்டில் ஒரு கை வல்லாரை வைத்தார். மறு தட்டில் சிறு மாவுப் பொட்டலம் ஒன்று. இலைத்தட்டு இறங்கியது.

“எது கனம்?”

“இலை.”

“கண்ணை மூடுங்க.”

மூடினார்.

“இப்பப் பாருங்க. எது கனம்?”

மாவுத்தட்டு தாழ்ந்து கிடந்தது.

“மாவு” என்றார் வைத்தியர். பிறகு குனிந்து பொட்டலத்தைத் தூக்கினார். அடியில் இரண்டு கை வல்லாரை அமுங்கிக் கிடந்தது. “இதென்ன, இலையை இந்தப் பக்கம் ஒளிச்சு வச்சுட்டு…”

“நான் தூக்கிப் பாக்க மாட்டேனே” என்றார் டாக்டர். “எனக்கு அது தெரியாதே. மாவு கனம்னுதான் எழுதுவேன். இலையால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு எழுதுவேன். அதை நாலு ஊர்ல படிப்பாங்க. அப்புறம் இந்த இலையை யாரும் தொட மாட்டாங்க.”

வைத்தியர் பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். தராசு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை அவர் இலை பறிக்கவில்லை.

நாச்சியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னைக்குத் துவையல் இல்லியா?”

“இல்லை.”

“அடடா” என்றாள். முகம் வாடிப்போயிற்று.

உடம்பு இலையைக் கேட்கிறது என்று வைத்தியருக்குத் தோன்றியது. அன்று மதியம் அவியல் இல்லை. நீர்த்த ரசமும், உப்பு மறந்த முட்டைக்கோஸும். இலை நின்ற அன்றே கைமணமும் நின்றுவிட்டது. அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். இன்னும் இரண்டு மாதம்தான். நாச்சியாருக்கு ஒரு வருடம் நல்ல மருந்து கிடைக்கும். ஆனால் நாச்சியார் இருப்பது மாவுப் பக்கம் என்றால், அவளுடைய நான்கு வார்த்தையும் இலைக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நான்கு தலைமுறையில் ஒருவரும் இலைக்குச் செய்யாத துரோகத்தை, இலை மேலிருந்த நம்பிக்கையாலேயே அவர் செய்துவிட்டிருந்தார்.

சொல்லிவிடலாம். நம்பரை அடித்துவிடுவார்கள். டப்பாவும் போகும், அந்த ஒரு வருடமும் போகும்.

புதன்கிழமை காலை நாச்சியாரிடம் சேலை மாற்றச் சொன்னார்.

“இன்னைக்கும் அஞ்சு வார்த்தையா?”

“இல்லை. இன்னைக்கு நான்தான் சொல்லணும்.”

*

“பதினேழாம் நம்பரை அடிச்சிருங்க” என்றார் வைத்தியர்.

டாக்டர் காத்திருந்தார்.

“வல்லாரை குடுத்தேன். துவையலா. கொத்தமல்லின்னு பொய் சொல்லி. இவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

நாச்சியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பரப்பியிருந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்த நாள் எல்லாம்?”

“செவ்வாயும் வெள்ளியும். மூணு மாசமா. போன வெள்ளிக்கிழமை நிறுத்திட்டேன்.”

டாக்டர் பேரேட்டை எடுத்துப் பிரித்தார். கோபப்படுவார் என்று வைத்தியர் எதிர்பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“நான் எப்பத் தின்னேன்?” என்றாள் நாச்சியார்.

வைத்தியர் மெல்ல அவள் கையைப் பிடித்தார். “தின்னே நாச்சியா. உனக்கு ஞாபகம் இல்லை.”

“தின்னாத்தானே ஞாபகம் இருக்கதுக்கு.”

பேனா பதினேழின் மேல் நின்றது.

“அந்த நோட்டைக் குடுங்க” என்றார் டாக்டர்.

வைத்தியர் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் புரட்டினார். பிறகு உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

“வெள்ளி. புஷ்பத்தின் கிண்ணம் இங்கே கிடக்கிறது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.”

“ஆமா.”

“செவ்வாய். தீயல் அருமை. கைமணம் திரும்பிவிட்டது. மறுபடியும் கிண்ணம்.”

“ஆமா.”

“வெள்ளி. அவியல். கிண்ணம். செவ்வாய். புளிசேரி. கிண்ணம். வெள்ளி. எரிசேரி.” டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். “கிண்ணம்.”

வைத்தியருக்கு ஏதோ புரிவதுபோல் இருந்தது. புரியாததுபோலவும் இருந்தது.

“புதன்கிழமைச் சமையல் எப்படி?” என்று கேட்டார் டாக்டர்.

“சுமார்.”

“வியாழன்?”

“சுமார்தான்.” குரல் இறங்கியது. அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். “ஏட்டி, அந்த அவியல் யார் வச்சது?”

“புஷ்பம். வேற யாரு? துவையலை மதிலுக்கு அந்தப் பக்கம் குடுத்தா, அவ சும்மா இருப்பாளா? அவ வீட்டுல உள்ளதை அவ கிண்ணத்துல போட்டுக் குடுப்பா. வெறுங்கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க முடியுமா? அடுத்த துவையலுக்கு ஆகும்னு எடுத்து வச்சிருப்பேன். இவரு அதைக் கழுவி மதில்மேல கவுத்திருவாரு மக்ளே. எனக்கு மானமே போச்சு.”

“கொத்தமல்லின்னுதானே சொன்னேன்” என்றார் வைத்தியர்.

“நாப்பது வருஷமா உங்க வேட்டியில வல்லாரை வாடையைத் துவைச்சுக்கிட்டிருக்கேன். என்கிட்டயா?”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

“ஆசையா அம்மியில உக்காந்து அரைக்கீங்க. எப்படிச் சொல்ல?”

டாக்டர் முன்னால் சாய்ந்தார். “நீங்க ஏன் அம்மா சாப்பிடலை?”

அந்தக் கேள்வி நாச்சியாருக்கு வினோதமாகப் பட்டது. வலது உள்ளங்கையை விரித்து டாக்டர் முன்னால் நீட்டினாள்.

“இந்தக் கையாலதானே அடிச்சேன்.”

வெளியே ஜன்னலுக்கு அப்பால் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பேரேட்டை மூடினார். பதினேழு அப்படியே இருந்தது.

“அப்போ அந்த நாலு வார்த்தை?” என்றார் வைத்தியர். “அது எதனால?”

“தெரியாது.”

“மாத்திரையா இருக்குமோ?”

“இருக்கலாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

வைத்தியர் தலையாட்டினார். தெரியாது என்ற வார்த்தை அன்று முதல்தடவையாக அவருக்குக் கனக்கவில்லை.

நாச்சியாருக்குப் பேச்சு இன்னும் முடியவில்லை. “நான் தின்னாட்டாலும் புஷ்பத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கு மக்ளே. தின்னு தின்னு அவளுக்கு இப்ப ஞாபகம் பொங்குது. எட்டு வருஷத்துக்கு முந்தி நான் இரவல் வாங்கின குடையைத் திருப்பிக் கேக்கா.”

டாக்டர் இதுவரை அப்படிச் சிரித்து வைத்தியர் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே, அதைக் குறித்துக்கொள்ள, மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார்.

வைத்தியர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பார்த்தீங்களா, இலை என்னைக்கும் கைவிடாது, நாலு தலைமுறை… எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

விழுங்கிக்கொண்டார்.

“நாச்சியா.”

“என்ன?”

“அந்த வீட்டுல துவையலை வேற யாரும் தின்னாங்களா?”

“எல்லாரும்தான். அவ வீட்டுக்காரரு, மாமியா, கொழுந்தன்.”

“அவங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா? வரலையா?”

டாக்டரின் கை தாளின்மேல் நின்றது. அவர் வைத்தியரைப் பார்த்தார்.

பிறகு தாளை அவர் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார்.